மூன்றாம் பீடத்துச் சுவர்

அந்த விறகை அடுக்கிக் கொடுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, "உன் அக்காவுக்கு நடந்ததில் உன் பங்கு என்ன, செலினா?" என்று கேட்டால் நான் முழிக்க வேண்டியதில்லை. ஜனவரி மாதம், பனியில், இரண்டு நாள், கை மரத்துப்போக அடுக்கினேன். ஒரு கட்டை கூடத் துருத்திக்கொண்டு நிற்காதபடி நேர்த்தியாக அடுக்கினேன். அந்த நேர்த்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா பெயர் ஒட்டிலியா. வயது அறுபத்தெட்டு. எங்கள் போட்வுகி கிராமத்தில், பெரிய சாலையிலிருந்து ஆற்றுக்குப் போகும் சந்து பிரிகிற முனையில் அவள் வீடு. சந்துக்கு இந்தப் பக்கம் என் வீடு. அவள் வீடு மரவீடுதான், ஆனால் மரம் வெளியே தெரியாது. நான்கு பக்கமும் ஆஸ்பெஸ்டாஸ் பலகை, சதுரம் சதுரமாக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அத்தான் வாலென்ட்டி தன் கையால் அடித்தது. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் அவருக்கு அறுக்கும் இயந்திரத்தில் வேலை. தொழிலாளிகளுக்குப் பலகை பாதி விலை. அதற்கும் வரிசை, அதற்கும் சிபாரிசு. கிடைத்த அன்று அத்தான் ஊருக்கே வோட்கா வாங்கிக் கொடுத்தார்.

"குளிர் ஏறாது, தீப்பிடிக்காது, நூறு வருசம் உழைக்கும்" என்று ஆலை வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பொய்யில்லை. பலகை உழைக்கிறது. அடித்தவன்தான் உழைக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எந்த ஆலையில வேலை பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆலைப் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் ஆலையை மூடி, இரும்பை விற்று, மேலாளர்கள் அவரவர் ஊருக்குப் போய் நிம்மதியாகச் செத்தும் போயிருந்தார்கள். யார் சட்டையைப் பிடிப்பது?

அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாய். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"ஒட்டில்கா," என்பார் செல்லமாக, "இந்தப் பலகைக்கு உள்ளாற இருந்து என் பொணம் போகக் கூடாது. அடிச்சவன் நானு. அது இறங்கறத நான் பாக்கணும். அப்புறம் நீ எனக்குப் பெட்டி செய்யச் சொல்லு, சந்தோசமா படுத்துக்கறேன்."

"வாயக் கழுவு," என்பாள் அக்கா. ஆனால் அந்த வார்த்தையை அவள் விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பெஸ்டாஸை நாமே கழற்றக் கூடாது. சட்டம். உரிமம் உள்ள ஆட்கள்தான் கழற்ற வேண்டும், அதற்கென்று உள்ள குழியில்தான் புதைக்க வேண்டும். கழற்றி, ஏற்றிப் போய், புதைக்கிற செலவை ஊராட்சி ஏற்றுக்கொள்ளும். புதுச் சுவருக்கு ஒரு காசு தராது. பழைய சட்டையைக் கழற்றுவது அவர்கள் செலவு, புதுச் சட்டை உன் செலவு. நடுவில் அம்மணமாக நிற்பது உன் பாடு.

எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் அந்தப் பலகைக்குள் இருப்பது இதனால்தான். புத்தி இல்லாமல் அல்ல. புதுச் சட்டைக்குக் காசில்லாமல்.

அக்கா அந்தக் காசைச் சம்பாதித்தாள். அறுபத்து நான்கு வயதில் ஜெர்மனிக்குப் பேருந்து ஏறினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் போகிற வேலைதான். ஹனோவரில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு மருந்துக்கடைக் கிழவரைக் குளிப்பாட்டி, கழுவி, தூக்கி உட்கார வைக்கிற வேலை. மூன்று குளிர்காலம். அந்த மூன்று குளிர்காலமும் இங்கே அவள் புருஷனைத் தூக்கி உட்கார வைத்தவள் நான். அதாவது, அவள் அங்கே ஒரு கிழவரைத் தூக்க, நான் இங்கே ஒரு கிழவரைத் தூக்க, ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காபி டம்ளரைக் கூடத் தூக்கவில்லை.

மூன்றாவது வருஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கையில், எங்கள் நாட்டுப் பணத்தில், முப்பதாயிரம் ஸ்லோட்டி. மரவேலைக்கார ஹூபெர்ட் வந்து சுவர்களை அளந்தான். உள்ளே குளிர் தாங்கும் பஞ்சு வைத்து, மேலே மரப்பலகை அடிக்க, நான்கு சுவருக்கும் சேர்த்து இருபத்தொன்பதாயிரம் என்றான்.

"ஜூன் கடைசி வரைக்கும் இந்த வெல. அப்புறம் மரம் ஏறிடும்கா. என்னத் திட்டக் கூடாது."

கழற்றும் செலவை நாமே ஏற்றால் தனியாக ஒன்பதாயிரம். அது அவளிடம் இல்லை. ஆகவே ஊராட்சிக்கு விண்ணப்பம். ஜனவரியில் பரிசோதிக்க அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பங்குச் சாமியார் வீடு வீடாக மந்திரிக்க வருவார். அதற்கு முன் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்? தரையைத் தேய்ப்போம். ஜன்னலைத் துடைப்போம். உடைந்த நாற்காலியைக் கொட்டகையில் போடுவோம். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் அலமாரியை நகர்த்தி வைப்போம். வெளி ஆள் கண்ணில் நம் வீட்டு அசிங்கம் படக் கூடாது. எங்களுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பல் தேய்க்கிற மாதிரி செய்வோம்.

அதிகாரி வருகிறார் என்றதும் அக்காவுக்கு அதே கை அரித்தது.

வீட்டின் முன்சுவர் பெரிய சாலையைப் பார்த்தது. அதற்கு நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுவார்கள். முதலில் அத்தான், அவர் படுத்த பிறகு அக்கா. காரணம் உண்டு. ஜூன் மாதத்தில் திருவுடல் பெருவிழாப் பவனி அந்த வழியாகத்தான் போகும். வழியில் நான்கு வீட்டு வாசலில் நான்கு பீடம் அமைப்பது வழக்கம். மூன்றாவது பீடம் எண்பத்தொன்றிலிருந்து இவர்கள் வீட்டு முன்சுவரை ஒட்டித்தான். சாமியே நற்கருணை அப்பமாக வந்து நிற்கிற சுவர் அழுக்காக இருக்கலாமா?

சந்துப் பக்கத்து மேற்குச் சுவர்தான் மழை அடிக்கும் சுவர். அதைப் பதினைந்து வருஷமாக யாரும் தொடவில்லை. பலகை வெடித்து, ஓரம் பொடிந்து, சாம்பல் நிறத்தில் நார் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் மாவு.

"இத அந்தப் பையன் பாத்தா என்ன நெனைப்பான்?" என்றாள் அக்கா. "ஆம்பள படுத்துட்டான், பொம்பள வீட்ட இப்படிப் போட்டு வச்சிருக்கான்னு நெனைக்க மாட்டான்?"

"மறைச்சுடலாம்கா," என்றேன் நான். புத்திசாலி! "வெறகு கெடக்கே."

கூரை விளிம்பு வரைக்கும் அடுக்கிவிட்டோம்.

அதிகாரி பெயர் சிரில். முப்பது வயது இருக்கும். காலணியைக் கழற்றப் போனவனை, "ஐயோ, வேண்டாம் ஐயா, உள்ள வாங்க," என்று அக்கா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். மேஜையில் பாலாடைக்கட்டிக் கேக், காபி, கொழுந்தன் கொடுத்த செர்ரி மது. வீட்டுக்கு வந்தவனை முதலில் உட்கார வைக்காமல் சுவரைக் காட்டுவது எங்கள் ஊரில் நடக்காது. சிரில் மூன்று துண்டு கேக் தின்றான். தின்றுகொண்டே படிவத்தை நிரப்பினான். பலகை வெடித்திருக்கிறதா, பொடிகிறதா, பெயின்ட் அடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். மதிப்பெண் கூடினால் உடனே கழற்றுவார்கள். குறைந்தால் பிறகு பார்க்கலாம் என்பார்கள். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

"முன்பக்கம் நல்லா வச்சிருக்கீங்க," என்றான். "மத்த பக்கம் எப்படி?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் ஐயா," என்றாள் என் அக்கா. முகம் சிவந்து போய், மகாராணி மாதிரி.

கட்டிலிலிருந்து அத்தான் வேறு குரல் கொடுத்தார். "நாப்பது வருசமா ஒரு ஆணி ஆடல தம்பி! நான் அடிச்ச ஆணி!"

நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சிரில் ஜன்னல் வழியாகச் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். "வெறகு ரொம்ப அழகா அடுக்கியிருக்கீங்க," என்றான். அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

மார்ச்சில் கடிதம் வந்தது. மூன்றாம் தரம். ஐந்து வருஷம் கழித்து மறுபரிசீலனை.

அக்கா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். அத்தான் குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "அஞ்சு வருசமா? எனக்கு டாக்டரே அவ்வளவு குடுக்கலயே."

அன்றைக்கே அடுத்த தெரு ஸெனெக்குக்கும் கடிதம் வந்திருந்தது. ஸெனெக் குடிகாரன். அதிகாரி போனபோது படுக்கையிலிருந்து எழுந்திருக்கக் கூட இல்லை. "சுத்திப் பாத்துக்கோ, கதவத் தெறந்து போட்டுட்டுப் போயிராத" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னானாம். அவனுக்கு முதல் தரம். உடனே கழற்றலாம், இலவசம்.

அக்கா அவன் வீட்டுக்கே போய்விட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

"வாழ்த்துக்கள் ஸெனெக்," என்றாள். அந்த வார்த்தையை அவள் துப்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்னத்துக்கு வாழ்த்து?" என்றான் அவன். "வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். கழட்டிட்டுப் போயிட்டா நான் எதப் போத்திக்கிட்டுப் படுக்கறது? உங்க ரெண்டு பேர் பாவாடையையா?"

காசு இருக்கிறவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருக்கிறவனுக்குக் காசு இல்லை. அவன் அனுமதியை இவளுக்கு மாற்றித் தரவும் சட்டத்தில் இடமில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்து உண்டாக்க எத்தனை பேர் எத்தனை நாள் சம்பளம் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் ஊராட்சி அலுவலகம். சிரில் தலையைச் சொறிந்தான். "நீங்கதானம்மா சொன்னீங்க எல்லாப் பக்கமும் ஒரே மாதிரின்னு. கையெழுத்தும் உங்களோடதுதான்."

"நீ போய்ப் பாத்திருக்கணும்," என்றாள் அக்கா. இப்போது 'ஐயா' போய்விட்டது. "மூணு துண்டு கேக் தின்னியே, ஒரு எட்டு நடந்து போய் பாத்தியா?"

"வெறகு இருந்துச்சே..."

"வெறகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேட்டியா?"

சத்தம் கேட்டு ஊராட்சித் தலைவர் பியாசெட்ஸ்கி அறையிலிருந்து வெளியே வந்தார். நல்ல கோட்டு, நல்ல புன்னகை. தோளில் கை வைத்தார். "அம்மா, அடுத்த ஜனவரியில புதுசா விண்ணப்பம் போடுங்க. உங்களுக்காக நானே பாக்கறேன். விதி விதிதானே. எல்லாருக்கும் பொதுவானது."

"என் புருசனோட நுரையீரலுக்கு அந்த விதி தெரியாது," என்றாள் அக்கா.

"வருத்தமாத்தான் இருக்கு," என்றார் தலைவர். அவருடைய வீடு செங்கல் வீடு.

வீடு திரும்பினோம். அக்கா கோட்டைக் கூடக் கழற்றவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள், அத்தானுடைய பெரிய சுத்தியலை எடுத்தாள், வெண்ணெய் நிற முன்சுவர் முன்னால் போய் நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அடித்து உடைத்தால் மதிப்பெண் கூடும்.

ஜன்னலைத் திறந்து அத்தான் கத்தினார். கத்துவதற்கு அவருக்கு மூச்சு ஏது? விசில் மாதிரிதான் வந்தது. "அடிடி! அடி! அந்தத் தூசி என்னோட பழைய சிநேகிதன்தான்! ஆனா நீ மூஞ்சியக் கட்டிக்கிட்டு அடி! உன் நெஞ்சாவது மிஞ்சட்டும்!"

அவள் சுத்தியலைக் கீழே போட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்தபோது கூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சிரில் மேலா, தலைவர் மேலா, என் நேர்த்தியான கை மேலா?

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "செலினா, பவனி என்னைக்கு?"

"ஜூன் முதல் வியாழன்."

"பீடத்த எங்க வைக்கணும்னு சாமியார் ஏதாவது சட்டம் வச்சிருக்காரா?"

"உன் வீட்டுல வைக்கணும். அவ்வளவுதான்."

"சந்துப் பக்கமும் என் வீடுதானே?" என்றாள்.

மே மாதம் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விறகைப் பிரித்தோம். அடுக்கிய கையாலேயே பிரித்தேன். சுவர் வெளியே வர வர எனக்குப் பயமாக இருந்தது. ஒரு குளிர்காலத்தில் இன்னும் மோசமாகியிருந்தது. ஒரு பலகை பாதி கழன்று ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்தோம். தூசி பறக்காமல் இருக்க முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஊராட்சியே துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தது. அதையாவது கொடுத்தார்களே, நன்றி.

பவனி அன்று விடியற்காலையில் சுவர் முழுவதும் தண்ணீர் தெளித்தாள். அதற்கு முன்னால், எட்டு அடி தள்ளி, மேஜை போட்டாள். கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, சாமந்தி, இரண்டு பக்கமும் பிர்ச் மரக்கொப்புகள். எல்லாம் வழக்கம் போல. ஒவ்வொரு வருஷமும் பின்னால் நீலத் துணித் திரை கட்டுவாள். அந்த வருஷம் கட்டவில்லை.

தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு முதலில் வந்தது. பெரிய சாலையில் வழக்கமான இடத்தில் பீடத்தைக் காணாமல் டிரம்பெட்காரன் தடுமாறிவிட்டான். சின்னப் பெண்கள் பூ இறைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நான் முனையில் நின்று சந்துக்குக் கை காட்டினேன். பவனி திரும்பியது. நான்கு பேர் பிடித்த குடைக்குக் கீழே, நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பங்குச் சாமியார் வந்தார். அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மரியாதைக்குரிய இடத்தில், தலைவர் பியாசெட்ஸ்கி. கறுப்புக் கோட்டு.

சாமியார் சுவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நற்கருணையைப் பீடத்தில் வைத்து முழந்தாளிட்டார். சாமியார் முழந்தாளிட்டால் தலைவரும் இட வேண்டும். ஊரே மண்டியிட்டது. முகத்துக்கு நேரே அந்தச் சுவர். வெடித்த பலகைகள், தொங்குகிற நார், ஒற்றை ஆணியில் ஆடுகிற அந்தப் பாதிச் சதுரம். ஜன்னலில் அத்தான், மூக்கில் குழாயோடு, சட்டை போட்டு, டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயதில் டை.

நற்செய்தி வாசித்து மறுபடி மண்டியிட்டால் சாமியார் வழக்கமாக உடனே எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. அந்த மௌனத்தில் ஆக்சிஜன் இயந்திரம் உறுமுவது சந்து முழுவதும் கேட்டது. தலைவரின் கழுத்து சிவந்துகொண்டே போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்கு ஆசீர்வாதம் வாங்கினதை விட அது நன்றாக இருந்தது. பாவம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

பவனி நகர்ந்ததும் பீடத்துப் பிர்ச் கொப்புகளை ஒடித்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். வீட்டில் சொருகி வைத்தால் ஆலங்கட்டி மழை அண்டாது. மூன்றாவது பீடத்தில் எப்போதும் தள்ளுமுள்ளு நடக்கும். அந்த வருஷம் ஒருவர் கூட ஒரு கொப்பை ஒடிக்கவில்லை. தலைவரின் மனைவி பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். சுவரைப் பார்த்தாள். கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் தலைவரே வந்தார், சிரிலையும் கூட்டிக்கொண்டு. புன்னகை இல்லை. "சாமிக்கு முன்னால அரசியல் பண்றீங்களா?" என்றார்.

"சாமிக்கு முன்னால பொய் சொல்லக் கூடாதுன்னு சின்ன வயசுல படிச்சேன்," என்றாள் அக்கா. "உங்க ஆளுக்கு முன்னால ஒரு தடவ சொல்லிட்டேன். அதத் திருத்திக்கிட்டேன்."

சிரில் முகமூடி போட்டுக்கொண்டு நான்கு சுவரையும் சுற்றினான். பலகை பலகையாக எண்ணினான். காபி கிடையாது. கேக் கிடையாது. தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவனை வெறும் வாயோடு அனுப்பியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

முதல் தரம் என்று கடிதம் வந்தது. விதி விதிதான் என்று சொன்னார்களே, அந்த விதி பதினோரு நாளில் வளைந்தது. ஆனால் ஆட்கள் வந்தது செப்டம்பரில். ஹூபெர்ட் சொன்ன ஜூன் போய்விட்டது. மரம் ஏறிவிட்டது. அதே முப்பதாயிரத்துக்கு இப்போது மூன்று சுவர்தான்.

"முன்சுவர முதல்ல போடு," என்றார் அத்தான். "ஊர் பாக்கற சுவரு."

"மழ அடிக்கிற சுவர முதல்ல போடறேன்," என்றாள் அக்கா. "ஊர் பாத்து எனக்கு என்ன ஆச்சு? முன்னால தார்க் காகிதம் அடிச்சு விடறேன். கறுப்பா கெடக்கட்டும். பவனி வரவங்க பாக்கட்டும்."

"மூளி மாதிரி இருக்கும்டி."

"இருக்கட்டும்."

கழற்றுகிற அன்று எங்கள் எல்லோரையும் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அத்தானைச் சக்கர நாற்காலியில் வைத்து, இயந்திரத்தோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜன்னலை மூடச் சொன்னார்கள், மூடினோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பார்த்தார். ஐந்து பேர். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகம் முழுவதும் மூடிய கவசம், இரண்டு அடுக்குக் கையுறை. வீட்டைச் சுற்றிச் சிவப்பு நாடா. ஒரு பலகையை நனைத்து, ஆணியைப் பிடுங்கி, இரண்டு பேர் சேர்ந்து மெதுவாக இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே எச்சரிக்கை ஒட்டினார்கள். அத்தான் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மேஸ்திரி கையெழுத்து வாங்க வந்தான். உடையை மாற்றி, குளித்துவிட்டு வந்திருந்தான். சின்ன வயசு.

"யாரு அடிச்ச ஆணி இது?" என்றான் சிரித்துக்கொண்டே. "பிடுங்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"நான்தான்," என்றார் அத்தான். "இந்தப் பலகையையும் மண்டி போட்டு நானேதான் அறுத்தேன். ஆலையில வாயில ரொட்டிய வச்சுக்கிட்டு அறுத்தேன். ஏன் தம்பி, உங்களுக்கு இந்த வேலைக்கு என்னென்ன தராங்க?"

"எல்லாம் உண்டு மாமா. கவசம், உடுப்பு ஒரு நாள் போட்டுட்டுத் தூக்கிப் போட்டுடுவோம். வேல எடத்துலயே குளியல். வருசா வருசம் நெஞ்சப் படம் எடுப்பாங்க. உங்க காலத்துல என்ன குடுத்தாங்க?"

"பால்," என்றார் அத்தான்.

"பாலா?"

"தெனம் அரை லிட்டர். தூசியக் கழுவிட்டுப் போயிரும்னு சொன்னாங்க."

பையன் வேடிக்கை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தான். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"குடிச்சீங்களா?" என்றான், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா நின்றுவிட்டது.

"எங்க குடிச்சேன்? கடையில பால் கெடைக்காத வருசம் அது," என்றார். "இவ எளச்சுப் போயிருந்தா. சட்டைக்குள்ள வச்சு இவளுக்குக் கொண்டாந்தேன்."